ஆணையம் கலைந்த பின் ஆவணங்கள் யார் பொறுப்பில்? செயலாளரின் கடமையும் சட்டத்தின் இடைவெளிகளும்

புதுடெல்லி: மும்பையில் 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நிகழ்ந்த கலவரங்கள் தொடர்பான வழக்கில், 2022 நவம்பர் 4-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கலவரங்களில் 900 பேர் உயிரிழந்தனர். 168 பேர் காணாமல் போயினர். காணாமல் போனவர்களில் 60 பேரின் குடும்பங்களுக்கு மட்டுமே அதுவரை இழப்பீடு சென்றடைந்திருந்தது. எஞ்சிய 108 பேரின் குடும்பத்தினரைக் கண்டறிய இயலவில்லை என்பதே மகாராஷ்டிர அரசு தரப்பின் விளக்கமாக இருந்தது.

இதை அப்படியே ஏற்றுக்கொள்ள நீதிமன்றம் முன்வரவில்லை. மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உறுப்பினர் செயலாளர் தலைமையில் குழு ஒன்றை அமைத்து, அந்த 108 பேர் பற்றிய பதிவுகளைப் பரிசீலித்து அவர்களது குடும்பங்களைத் தேடுமாறு உத்தரவிட்டது. கண்டறியப்படும் குடும்பங்களுக்கு 1999 ஜனவரி 22 முதல் ஆண்டுக்கு 9 சதவீத வட்டியுடன் இழப்பீடு வழங்கவும், செயலற்ற கோப்பில் வைக்கப்பட்டிருந்த 97 குற்ற வழக்குகளை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவரவும் பணித்தது.

சம்பவம் நடந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பத்தைத் தேடிச் செல்லும் அதிகாரிக்குக் கையில் இருப்பது காகிதம் மட்டுமே. பெயர் எப்படி எழுதப்பட்டது, முகவரி முழுமையாகக் குறிக்கப்பட்டதா, புகார் அளித்தவர் யார், அவர் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்ற விவரங்கள் பதிவேட்டில் இருந்தால்தான் தேடல் ஓரடியாவது நகரும். 108 குடும்பங்கள் விடுபட்டதற்கு எந்த ஒரு அலுவலகத்தையும் தனித்துப் பொறுப்பாக்குவது இயலாது. ஆனால், பொது விசாரணைகளில் ஆவணப் பராமரிப்பு என்பது வெறும் எழுத்தர் பணி அன்று என்பதை இந்த வழக்கு தெளிவாக உணர்த்துகிறது. அந்தப் பணியின் மையத்தில் இருப்பவர் ஆணையத்தின் செயலாளர்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

விசாரணை ஆணையங்கள் 1952-ம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் கீழ் அமைக்கப்படுகின்றன. சாட்சிகளை வரவழைத்தல், ஆவணங்களைத் தாக்கல் செய்யக் கோருதல், பிரமாணப் பத்திரங்களைச் சான்றாக ஏற்றல், நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் உள்ள பொது ஆவணங்களைக் கேட்டுப் பெறுதல் என உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்களை அச்சட்டத்தின் 4-வது பிரிவு ஆணையத்துக்கு வழங்குகிறது. அறிக்கை கிடைத்த 6 மாதங்களுக்குள், எடுக்கப்பட்ட நடவடிக்கை குறித்த குறிப்புடன் அதை நாடாளுமன்றத்திலோ சட்டப்பேரவையிலோ அரசு தாக்கல் செய்ய வேண்டும் என்று 3-வது பிரிவு கூறுகிறது. ஆணையம் தொடரத் தேவையில்லை என அரசு கருதினால், அறிவிக்கை மூலம் அதை முடிவுக்குக் கொண்டுவர 7-வது பிரிவு வழிசெய்கிறது.

இத்தனை ஆவணங்களையும் வரவழைக்க அதிகாரம் தரும் சட்டத்தில், அவற்றைக் காக்க வேண்டிய செயலாளரின் பணிகளை விவரிக்கும் தனிப்பிரிவு ஏதும் இல்லை. ஆணையம் முடிவுக்கு வரும் நாளில் ஆவணங்கள் யாரிடம், எந்தப் பட்டியலுடன் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதையும் அச்சட்டத்தின் பிரிவுகள் விளக்கவில்லை.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது 1993-ம் ஆண்டு பொது ஆவணங்கள் சட்டம். 'ஆவணங்களை உருவாக்கும் அமைப்பு' என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் அமைச்சகங்கள், துறைகள் மட்டுமின்றி, மத்திய அரசோ யூனியன் பிரதேச நிர்வாகமோ அமைக்கும் ஆணையங்கள், குழுக்களின் அலுவலகங்களும் இடம்பெற்றுள்ளன. எனவே, தற்காலிக அமைப்பு என்ற காரணத்தைக் காட்டி எந்த மத்திய ஆணையமும் இச்சட்டத்திலிருந்து விலகி நிற்க முடியாது.

ஒவ்வோர் அமைப்பும் ஆவண அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். ஆவணங்களை முறையாக ஒழுங்குபடுத்திப் பாதுகாத்தல், பாதுகாப்புக் கால அட்டவணை தயாரித்தல், ஆண்டுதோறும் பொருளடக்க அட்டவணை தொகுத்தல், 25 ஆண்டுகளைக் கடந்த ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்துடன் கலந்து மதிப்பிடுதல் ஆகியவை அவரது கடமைகள். செயல்பாடு முடிந்த அமைப்பின் ஆவணங்களைக் காப்பகத்துக்கு மாற்றுவதும் அவற்றில் ஒன்று. ஆவணம் அனுமதியின்றி அகற்றப்பட்டாலோ, சிதைக்கப்பட்டாலோ, திருத்தப்பட்டாலோ உரிய நடவடிக்கை எடுத்து அறிக்கை அளிக்க வேண்டியவரும் அவரே. விதிகளுக்குப் புறம்பாக ஆவணங்களை அழித்தால் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

ஆயினும், இச்சட்டம் மத்திய அரசையும் யூனியன் பிரதேசங்களையும் மட்டுமே கட்டுப்படுத்துகிறது. விசாரணை ஆணையங்களில் கணிசமானவை மாநில அரசுகளால் அமைக்கப்படுபவை. மகாராஷ்டிரம், கர்நாடகம் போன்ற சில மாநிலங்கள் தமக்கெனத் தனிச் சட்டம் இயற்றியுள்ளன. அத்தகைய சட்டம் இல்லாத மாநிலங்களில், ஆணையத்தின் ஆவணங்களுடைய எதிர்காலம் அந்தந்த அரசுத் துறையின் அலுவலக நடைமுறையையும் பொறுப்பில் இருக்கும் அதிகாரியின் அக்கறையையும் சார்ந்திருக்கிறது.

நாள்தோறும் நடக்க வேண்டிய பணி

மும்பை கலவரங்களை விசாரித்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் முன் 2,126 பிரமாணப் பத்திரங்கள் தாக்கலாயின. 502 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். இந்த அளவிலான ஆவணங்கள் குவியும் இடத்தில், முதல் நாளிலேயே முறை வகுக்கப்படாவிட்டால் பின்னர் சீர்செய்வது ஏறக்குறைய இயலாததாகிவிடும்.

வந்துசேரும் ஒவ்வொரு மனுவும் தேதியுடன் வரவுப் பதிவேட்டில் ஏற வேண்டும். அனுப்பியவருக்கு ஒப்புகை செல்ல வேண்டும். சான்றாவணமாக ஏற்கப்படும் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். அது மூலமா, நகலா, யாரிடமிருந்து எப்போது பெறப்பட்டது, யாருக்குத் திருப்பி அளிக்கப்பட்டது என்ற விவரம் அந்த எண்ணுடன் சேர்ந்திருக்க வேண்டும். ஒவ்வோர் அமர்வின் உத்தரவுகளும் அன்றன்றே குறிக்கப்பட வேண்டும். சாட்சியம் வேறு மொழியில் அளிக்கப்பட்டிருந்தால் மூலமும் மொழிபெயர்ப்பும் சேர்த்து வைக்கப்பட வேண்டும். மூடிய அறையில் பெறப்பட்ட சாட்சியங்கள் தனிக் காவலில் இருக்க வேண்டும். ஆனால், அவை இருக்கின்றன என்ற குறிப்பு பொது அட்டவணையில் இடம்பெற்றாக வேண்டும்.

இவை யாவும் சாதாரண அலுவலக வேலைகளாகத் தோன்றலாம். ஆனால், அறிக்கையின் ஒவ்வொரு முடிவும் ஏதோ ஒரு சான்றாவண எண்ணைச் சுட்டி நிற்கிறது. அந்த எண்ணுக்குரிய காகிதம் கிடைக்காவிட்டால், முடிவு சரியா தவறா என்று பின்னர் எவராலும் சோதிக்க இயலாது. ஸ்ரீகிருஷ்ணா ஆணைய அறிக்கையின்படி உயிரிழந்த 900 பேரில் 45 பேர் அடையாளம் தெரியாதவர்கள். அவர்களுள் எவருக்கேனும் என்றாவது பெயர் கிடைக்குமெனில், அதற்கான துப்பு அக்காலத்தில் தொகுக்கப்பட்ட ஆவணங்களில்தான் இருக்க முடியும்.

அதே ஆணையம் இன்னொரு சிக்கலையும் எதிர்கொண்டது. 1993 ஜனவரியில் அமைக்கப்பட்ட அந்த ஆணையத்தை 1996 ஜனவரி 23-ல் மாநில அரசு கலைத்தது. அதே ஆண்டு மே 28-ல் ஆணையம் மீண்டும் உயிர்பெற்று, 1993 மார்ச் 12 தொடர் குண்டுவெடிப்புகளையும் உள்ளடக்கிய விரிவான வரம்புடன் பணியைத் தொடர்ந்து, 1998 பிப்ரவரி 16-ல் அறிக்கை அளித்தது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் ஆணையம் இல்லை. ஆவணங்கள் மட்டும் இருந்தன. விசாரணையை விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்ததற்கு, அதுவரை சேர்ந்த சாட்சியங்கள் எஞ்சியிருந்ததே அடிப்படை.

மறைந்த பிரதிகள், காணாமல் போன கோப்புகள்

எல்லா விசாரணைகளுக்கும் இந்த வாய்ப்பு அமையவில்லை. நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரிக்க 1977-ல் அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.சி. ஷா ஆணையம், 1978 மார்ச், ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களில் மூன்று பகுதிகளாக அறிக்கை அளித்தது. 1980-ல் ஆட்சி மாறிய பின் அதன் பிரதிகள் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பொதுவெளியில் அந்த அறிக்கை எளிதில் கிடைக்காத நிலை நீடித்தது. தமிழகத்தைச் சேர்ந்த மூத்த நாடாளுமன்றவாதி இரா. செழியன், தம்மிடமிருந்த பிரதியைக் கொண்டு 2010-ல் அதை மீண்டும் நூலாக வெளியிட்டார். அரசு அமைத்த ஆணையத்தின் அறிக்கையைத் தேசத்துக்கு மீட்டுத் தந்தது தனிமனிதர் ஒருவரின் சேகரிப்பு என்பது பெருமைக்குரியது மட்டுமன்று, கவலைக்குரியதும் ஆகும்.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் மறைவு பற்றிய விசாரணைகளிலும் இதே பிரச்சினை எழுந்தது. அது தொடர்பான பிரதமர் அலுவலகக் கோப்பு ஒன்று 1972-ல் வழக்கமான கழிப்பு நடவடிக்கையின்போது அழிக்கப்பட்டுவிட்டதாக, 1999-ல் அமைக்கப்பட்ட நீதிபதி முகர்ஜி ஆணையத்திடம் தெரிவிக்கப்பட்டது. 1970-ல் அமைக்கப்பட்ட கோஸ்லா ஆணையம் 1974-ல்தான் அறிக்கை அளித்தது. அதாவது, அதே பொருள் குறித்து ஓர் ஆணையம் விசாரித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அந்தக் கோப்பு அழிக்கப்பட்டிருக்கிறது. விசாரணை தொடங்கும் நாளிலேயே, தொடர்புடைய கோப்புகளைக் கழிக்கக் கூடாது என்று எல்லாத் துறைகளுக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டியது எத்துணை அவசியம் என்பதை இது காட்டுகிறது.

பாபர் மசூதி இடிப்பு குறித்து விசாரித்த லிபரான் ஆணையம் 1992 டிசம்பரில் அமைக்கப்பட்டு, 48 முறை கால நீட்டிப்பு பெற்று, 2009 ஜூன் 30-ல் அறிக்கை அளித்தது. அறிக்கை நாடாளுமன்றத்தில் தாக்கலாகும் முன்பே, அதன் உள்ளடக்கம் அவ்வாண்டு நவம்பரில் ஊடகத்தில் வெளியானது. அறிக்கையின் ஒரே பிரதி உள்துறையின் பாதுகாப்பில் இருப்பதாக அப்போதைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் விளக்கமளித்தார், மறுநாள், நவம்பர் 24-ல், அறிக்கை அவைகளில் வைக்கப்பட்டது. அறிக்கையின் வரைவுகள் எத்தனை, யார் யார் கையாண்டனர், இறுதிப் பிரதி எப்போது கைமாறியது என்ற காவல் பதிவு துல்லியமாக இல்லாவிட்டால், இத்தகைய கசிவுகளின் தோற்றுவாய் என்றும் தெளிவாவதில்லை. அதே 2009-ல், அயோத்தி விவகாரம் தொடர்பான 23 ஆவணங்களைக் காணவில்லை என்று உத்தரப் பிரதேச அரசு அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வில் தெரிவித்ததும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இடஒதுக்கீட்டு வழக்குகள் தரும் பாடம்

கலவரம், மரணம் குறித்த விசாரணைகளுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று கருதுவதற்கில்லை. பிற்படுத்தப்பட்டோர் ஆணையங்கள் திரட்டும் தரவுகளே இன்று இடஒதுக்கீட்டுச் சட்டங்களின் செல்லுபடித் தன்மையைத் தீர்மானிக்கின்றன. உள்ளாட்சி அமைப்புகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு வழங்கும் முன், தனி ஆணையம் ஒன்று சமகாலத் தரவுகளுடன் கண்டிப்பான ஆய்வு நடத்த வேண்டும் என்பதை 2021 மார்ச் 4-ம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் முதல் நிபந்தனையாக வைத்தது. அதே ஆண்டு மே 5-ல் மராத்தா இடஒதுக்கீட்டை ரத்து செய்த அரசியல் சாசன அமர்வு, நீதிபதி கெய்க்வாட் ஆணையத்தின் அறிக்கையில் இருந்த பிரதிநிதித்துவப் புள்ளிவிவர அட்டவணைகளையே எடுத்து ஆராய்ந்து, ஆணையத்தின் முடிவிலிருந்து மாறுபட்டது.

ஆணையத்தின் முடிவுரையோடு நீதிமன்றம் நின்றுவிடாது. அதற்கு அடித்தளமான தரவுகளுக்குள்ளும் செல்லும் என்பது இதனால் தெளிவாகிறது. கணக்கெடுப்புப் படிவங்கள், மாதிரித் தேர்வுக்கான முறை, துறைகள் அனுப்பிய பணியாளர் விவரங்கள் ஆகிய அனைத்தும் வழக்கு முடியும்வரை, அதற்குப் பின்னும், கிடைக்கும் நிலையில் இருக்க வேண்டும். இவற்றில் பலவீனம் நேர்ந்தால் பாதிப்பு ஆணையத்துக்கு அன்று. கல்வியிலும் வேலையிலும் காத்திருக்கும் பல்லாயிரம் இளைஞர்களுக்கே.

நிரந்தர ஆணையங்களின் நிலை

மனித உரிமை ஆணையம், தகவல் ஆணையம், தேர்தல் ஆணையம் போன்ற நிரந்தர அமைப்புகளில் செயலகம் தொடர்ந்து இயங்குவதால் சிக்கலின் தன்மை மாறுகிறது. அங்கு எழும் கேள்வி, முடிவுகள் எவ்வாறு பதிவாகின்றன என்பதே. 2019 மக்களவைத் தேர்தலின்போது, நடத்தை விதிமீறல் புகார்களில் தேர்தல் ஆணையர் ஒருவரின் மாறுபட்ட கருத்து உத்தரவில் இடம்பெற வேண்டுமா என்ற விவாதம் எழுந்தது. மாறுபட்ட கருத்துகள் கோப்பில் பதிவு செய்யப்படும், ஆனால் இறுதி உத்தரவில் சேர்க்கப்படாது என்று அவ்வாண்டு மே 21-ல் ஆணையம் முடிவெடுத்தது. அந்த நிலைப்பாடு சரியா என்பது தனி விவாதம். ஆனால், மாறுபட்ட கருத்து தங்கும் ஒரே இடமாகக் கோப்பு ஆகிவிட்ட நிலையில், அந்தக் கோப்பைச் சிதையாமல் காப்பதன் முக்கியத்துவம் கூடிவிடுகிறது.

2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு வலுவான அடிப்படையைத் தருகிறது. அதன் 4-வது பிரிவு, ஆவணங்களைப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்திப் பராமரிப்பதைப் பொது அதிகார அமைப்புகளின் முதல் கடமையாக்குகிறது. கோரப்பட்ட தகவலை வேண்டுமென்றே அழிக்கும் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 'கோப்பைக் காணவில்லை' என்ற ஒற்றை வரியால் தகவல் மறுக்கப்படுவதை ஏற்க இயலாது. ஒரு காலத்தில் இருந்த ஆவணம் என்னவாயிற்று என்று முழுமையாகத் தேடி, தேவையெனில் விசாரணை நடத்திப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று 2013 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

மின்னணுச் சான்றுகள்

கைப்பேசிக் காணொளிகள், கண்காணிப்புக் கேமரா பதிவுகள், வாட்ஸ்அப் உரையாடல்கள் ஆகியவை இப்போது ஆணையங்களின் முன் வரும் முக்கியச் சான்றுகள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம், மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழில் அப்பதிவின் 'ஹேஷ்' மதிப்பையும் குறிக்கக் கோருகிறது. கோப்பில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் இந்த மதிப்பு மாறிவிடும். எனவே, பென் டிரைவில் வந்த காணொளியை அலுவலகக் கணினியில் நகலெடுத்து வைப்பது மட்டும் போதாது. பெற்ற கணத்திலேயே மதிப்பைக் கணக்கிட்டுப் பதிவேட்டில் ஏற்றி, மூலச் சாதனத்தை முத்திரையிட்டுப் பாதுகாப்பது அவசியம். இல்லையேல், ஆணையத்திடம் இருக்கும் சான்று பின்னர் குற்ற வழக்கில் கேள்விக்குள்ளாகும் அபாயம் உண்டு.

நடைமுறைச் சிக்கல்கள்

செயலாளர்களின் பக்கமும் பார்க்கப்பட வேண்டும். விசாரணை ஆணையத்தின் செயலாளர் பொதுவாக வேறு பணியிலிருந்து அனுப்பப்படும் அதிகாரி. கடன் வாங்கிய பணியாளர்கள், தற்காலிகக் கட்டடம், மூன்று மாதங்களுக்கோ ஆறு மாதங்களுக்கோ ஒருமுறை புதுப்பிக்கப்படும் பதவிக்காலம் ஆகியவற்றுக்கிடையே அவர் இயங்க வேண்டியுள்ளது. ஆணையம் ஆண்டுக்கணக்கில் நீளும்போது செயலாளர்களே பலமுறை மாறுகின்றனர். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சாவிகள் கைமாறுகின்றன. ஆனால், எந்த அலமாரியில் எது இருக்கிறது என்ற அறிவு கைமாறுவதில்லை.

எல்லாக் காகிதத்தையும் என்றென்றும் வைத்திருக்க இயலாது என்ற வாதமும் நியாயமானதே. சட்டம் அதைக் கோரவும் இல்லை. பதிவு செய்து, பரிசீலித்த பின்னரே அழிக்க வேண்டும்; அழிக்கப்படுபவற்றின் பட்டியல் நிரந்தரமாக வைக்கப்பட வேண்டும் என்பதே 1997-ம் ஆண்டு பொது ஆவண விதிகளின் சாரம். சாட்சிகளின் பாதுகாப்பு கருதிச் சில ஆவணங்களை வெளியிடாமல் வைப்பதும் தேவையே. ஆனால், வெளியிடாமல் வைப்பது வேறு, பாதுகாக்காமல் விடுவது வேறு.

மத்திய அரசிலேயே நிலைமை திருப்தியளிப்பதாக இல்லை. 151 அமைச்சகங்கள், துறைகளில் 36-இன் ஆவணங்கள் மட்டுமே தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்துள்ளன என்று 2022 டிசம்பரில் அதன் தலைமை இயக்குநர் பொது நிகழ்ச்சி ஒன்றில் தெரிவித்தார். 1962, 1965, 1971 போர்கள் குறித்த ஆவணங்கள் கூடக் காப்பகத்தில் இல்லை என்று அவர் கூறியது பரவலான கவனத்தைப் பெற்றது. நிரந்தர அமைச்சகங்களின் நிலையே இதுவெனில், ஓரிரு ஆண்டுகளில் கலைந்துபோகும் ஆணையங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

செய்யக்கூடியவை

இதைச் சரிசெய்யப் பெரிய சட்டத் திருத்தம் தேவைப்படவில்லை. ஆணையத்தை அமைக்கும் அறிவிக்கையிலேயே ஆவண அலுவலர் யார், பணி முடிந்ததும் ஆவணங்கள் எங்கு செல்லும் என்பதைக் குறிப்பிடலாம். செயலாளர் மாறும்போது சான்றாவண எண்வாரியான ஒப்படைப்புப் பட்டியலில் இருவரும் கையொப்பமிடுவதைக் கட்டாயமாக்கலாம். இறுதி அறிக்கையுடன் முழு ஆவண அட்டவணையைப் பின்னிணைப்பாகச் சேர்த்தால், ஆவணங்கள் மூடி வைக்கப்பட்டிருந்தாலும் அவை இருக்கின்றன என்பதாவது பொதுமக்களுக்குத் தெரியவரும். பொது ஆவணச் சட்டம் இல்லாத மாநிலங்கள் அதை இயற்றுவது காலத்தின் தேவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாதிக்கப்பட்டோரின் பெயர், உறவினர், முகவரி, கிடைத்த உதவி, கிடைக்காத உதவி ஆகியவற்றைக் கொண்ட தனிப் பதிவேடு ஒவ்வோர் ஆணையத்திலும் தொடங்கப்பட்டு, ஆணையம் முடிந்த பின் மாவட்ட நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அறிக்கையை அரசு ஏற்கலாம், நிராகரிக்கலாம், ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடலாம். ஆனால், இழப்பீட்டுக்கான உரிமை அறிக்கையின் அரசியல் விதியைச் சார்ந்திருக்கக் கூடாது. மும்பையின் 108 குடும்பங்களைத் தேட உச்ச நீதிமன்றம் தனிக் குழு அமைக்க நேர்ந்தது போன்ற நிலை, இனி அமைக்கப்படும் எந்த ஆணையத்தின் பெயராலும் மீண்டும் ஏற்படாமல் இருக்க, அந்த ஒரு பதிவேடே முதல் காப்பாக அமையும்.